தாய்மாமனின் கான்டசா

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் தங்கை ரத்தினாவும் அவள் கணவர் சென்னியப்பனும் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தார்கள். அவர்கள் மகள் கயல்விழிக்கு அடுத்த மாதம் எட்டாம் தேதி விடியற்காலையில் கோபியில் கல்யாணம். தட்டில் தேங்காய் இருந்தது, பழம் இருந்தது, குங்குமம் இல்லை. என் வீட்டுக்கு வரும்போது அதை மட்டும் காரிலேயே வைத்துவிட்டு இறங்குவார்கள். ஐம்பது வருடமாகக் கடவுள் இல்லை என்று சொல்லிவரும் மனிதனுக்கு அந்த மரியாதையாவது கிடைக்கிறது.

பத்திரிகையைப் பிரித்துப் பார்த்தேன். தாய்மாமன் என்ற இடத்தில் ‘ஈரோடு நாச்சிமுத்து’ என்று சரியாகவே போட்டிருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. காப்பி குடித்து முடித்து எழுந்திருக்கும்போதுதான் சென்னியப்பன் மெல்ல ஆரம்பித்தார்.

“பட்டங் கட்டிப் பொண்ணைக் கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டியாறதுக்குச் செல்லமுத்துகிட்டச் சொல்லிப்போட்டமுங்க மச்சா. உங்களுக்கு இதெல்லாம் ஆகாதுல்ல? எதுக்குச் சங்கடம்னு.”

“நல்லதாப் போச்சு” என்றேன்.

செல்லமுத்து என் சித்தப்பா மகன். ரைஸ் மில் வைத்திருக்கிறான். எந்தக் கோயிலில் கும்பாபிஷேகம் என்றாலும் முதல் வரிசையில் ஈரத் துண்டோடு நிற்பான். சைக்கிள் செயின் கழன்றால் மாட்டத் தெரியாது.

அவர்கள் போன பிறகு சம்பூர்ணம் கேட்டாள்: “அவிய கேட்டிருந்தா மட்டும் நீங்க செஞ்சிருப்பீங்களாக்கும்?”

“மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்.”

“பொறகென்ன?”

நாற்பத்தைந்து வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள் கேட்கிற கேள்வி! பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது மூடப்பழக்கம். சந்தேகமே இல்லை. ஆனால் அது தாய்மாமன் செய்ய வேண்டிய மூடப்பழக்கம். தாய்மாமன் நான். முதலில் என்னிடம் வந்து கேட்க வேண்டும். நான் மறுக்க வேண்டும். அதன்பிறகு செல்லமுத்துவிடம் போகலாம். மறுப்பதற்குக்கூட என்னைக் கேட்கவில்லை என்றால் நான் அந்தக் குடும்பத்தில் யார்?

இந்தக் கல்யாணத்துக்கு நான் போகப்போவதில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

என் பழைய கான்டசா காரின் எஞ்சினைப் பிரிப்பது என்று முடிவு செய்தேன். இதற்கும் நேற்று நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. ரொம்ப நாளாகவே வண்டி நீலப் புகை விடுகிறது, ஆயில் குடிக்கிறது. பிஸ்டன் ரிங் தேய்ந்துபோயிருக்கும்.

சித்திரையில் சென்னியப்பன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு இதில்தான் போனேன். வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைப்பதற்குள் பந்தல் முழுவதும் புகை. சென்னியப்பன் எல்லோர் முன்னாலும் சொன்னார்: “எங்க மச்சா வந்துபோட்டாருன்னா கொசு மருந்து அடிக்கற வண்டி தேவையில்லீங்க.” நூறு பேர் சிரித்தார்கள். செல்லமுத்து துண்டால் மூக்கை மூடிக்கொண்டு சிரித்தான்.

ஒரு காலத்தில் பெருந்துறை ரோட்டில் இந்த வண்டியை முந்திப்போக ஆள் கிடையாது. நீண்ட மூக்கும் அகன்ற முதுகுமாக அது வந்து நின்றால், பெட்டிக்கடையில் நிற்பவர்கள் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். அதைக் கொசு மருந்து வண்டி என்கிறார் அவர்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வண்டி நிற்கும் செட்டின் இரும்பு உத்தரத்தில் சங்கிலிக் கப்பியை மாட்டி எஞ்சினைத் தூக்கி வெளியே எடுத்தேன். சம்பூர்ணம் சங்கிலியை இழுத்தாள். நான் எஞ்சினைப் பிடித்துத் திருப்பினேன். வாய் ஓயவில்லை அவளுக்கு. “எழுவத்தியொரு வயசுல ஆருங்க இப்படி மல்லுக்கட்டுவா? ஒர்க்‌ஷாப்புல விட்டா ஆகாதா?”

ஒர்க்‌ஷாப்பில் விடுவதற்கு நான் எதற்கு? எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. எரிந்துபோன பம்புசெட் மோட்டார் ஒன்றை விலைக்கு வாங்கி, பிரித்துப் பிரித்துப் பார்த்து, காயில் கட்டக் கற்றுக்கொண்டேன். யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. காயில் கட்டும் கடை வைத்து முப்பத்தெட்டு வருடம் நடத்தினேன். கார் எஞ்சினும் அப்படிக் கற்றதுதான்.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிவிட்டு சிலிண்டருக்குள் விரலை விட்டேன். மேல் ஓரத்தில் நகம் தடுக்குகிறது. ரிங் உரசி உரசிச் சுவர் அவ்வளவு தேய்ந்திருக்கிறது. ரிங் மட்டும் மாற்றினால் போதாது. சிலிண்டரைக் கடைந்து, பெரிய அளவு பிஸ்டன் போட வேண்டும்.

ஆகஸ்ட் 12, திங்கள்

சிலிண்டர் பிளாக்கை லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். எப்போது கிடைக்கும் என்றேன். மாதக் கடைசி ஆகும் என்றார் பட்டறைக்காரர்.

“அதுக்கு முன்னாடி வேணுமே.”

“ஏனுங்க, ஏதாச்சும் விசேசத்துக்குப் போறீங்களா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு எதையும் இழுத்தடிச்சா புடிக்காது.”

அடுத்த திங்கட்கிழமை தருவதாகச் சொன்னார். பிஸ்டன் செட்டுக்குக் கோயம்புத்தூரில் நாலு கடை ஏறி இறங்கினேன். கடைசியில் ஒரு பழைய கடையில், பெட்டி பிரிக்காமல் தூசி படிந்து கிடந்தது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

மழை. வால்வுகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். ரத்தினா போன் செய்தாள். சம்பூர்ணம் பேசினாள். நான் கையில் கிரீஸ் என்று சைகை காட்டினேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நேற்று பிளாக் வந்துவிட்டது. கண்ணாடி மாதிரிக் கடைந்திருக்கிறார்கள். பிஸ்டன்களில் ரிங்குகளை மாட்டி ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினேன். ரிங்கின் வாய்கள் ஒரே வரிசையில் வரக் கூடாது. வந்தால் அந்த வழியாகவே அழுத்தம் கசிந்துவிடும். ஒவ்வொன்றையும் வெவ்வேறு திசையில் திருப்பி வைத்தேன். சம்பூர்ணம் டார்ச் பிடித்தாள்.

பக்கத்து வீட்டு தேவராசு மதில் மேல் கையை ஊன்றி வேடிக்கை பார்த்தார். தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். “எஞ்சின ஸ்டார்ட் பண்றப்ப ஒரு நல்ல நேரம் பாத்துச் செய்யுங்க. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு...”

“வெள்ளிக்கிழமை ராகு காலத்துல ஸ்டார்ட் பண்றனுங்க. பத்தரையிலிருந்து பன்னெண்டு. நீங்களும் வந்து பாருங்க.”

எங்கள் கல்யாணமே ராகு காலத்தில் நடந்ததுதான். தாலி இல்லை, ஐயர் இல்லை, மாலை மாற்றிக்கொண்டோம். கடையைத் திறந்தது ராகு காலத்தில். இந்த வீட்டில் குடியேறியது எமகண்டத்தில். ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இன்று காலை நாலு மணிக்கே எழுந்து எஞ்சினை வண்டிக்குள் இறக்கினேன். பத்தரைக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று கணக்கு. கியர்பாக்ஸோடு சேர்க்கும் போல்ட் ஒன்று அடம் பிடித்தது. பதினோரு மணி ஆனது. தேவராசு, அவர் மருமகன், எதிர்வீட்டுக்காரர்கள் என்று ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. ரேடியேட்டர் குழாய்களை மாட்டும்போது பதினொன்றே முக்கால்.

புதிதாகப் பூட்டிய எஞ்சினில் முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி வைத்து, ஸ்டார்ட்டரால் சும்மா சுற்றவிட வேண்டும். ஆயில் பம்பு நிறைந்து, பேரிங்குகளுக்கெல்லாம் ஆயில் போய்ச் சேர்ந்த பிறகுதான் உயிர் கொடுக்க வேண்டும். எனக்குத் தெரியாததா? ஆனால் அதைச் செய்தால் பன்னிரண்டு தாண்டிவிடும். தேவராசு கையில் வாட்ச் கட்டிக்கொண்டு நிற்கிறார்.

சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. நீலப் புகை இல்லை. கூட்டம் கைதட்டியது. டேஷ்போர்டில் ஆயில் விளக்கு மட்டும் சிவப்பாக எரிந்துகொண்டே இருந்தது. சுவிட்ச் பழசு, அதனால்தான் என்று நினைத்தேன். “பாத்தீங்களா, ராகு என்ன பண்ணுச்சு?” என்று தேவராசுவைக் கேட்டேன். ஆக்சிலேட்டரை மிதித்தும் காட்டினேன்.

அடியிலிருந்து டக் டக்கென்று சத்தம் வந்தது. அணைத்துவிட்டேன்.

தேவராசு கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஆகஸ்ட் 24, சனி

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

மறுபடி எஞ்சினைத் தூக்கி வெளியே எடுத்து அடித்தட்டைத் திறந்தேன். பேரிங்குகள் உரிந்துபோய்க் கிடக்கின்றன. ஆயில் இல்லாமல் உலோகமும் உலோகமும் உரசினால் வேறென்ன ஆகும்? பிஸ்டன்களைச் சுழற்றும் கிராங்க் தண்டு தப்பித்தது. லேசான கோடுதான். பாலிஷ் போட்டால் போதும். பிஸ்டன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ராகுவுக்கு இதில் பங்கில்லை என்று சம்பூர்ணத்துக்கு விளக்கினேன். அவசரப்பட்டதுதான் காரணம்.

“அவசரம் எதுக்குங்க வந்துச்சு?”

“பன்னெண்டுக்குள்ள முடிக்கோணும்னு.”

“பன்னெண்டுக்குள்ள எதுக்கு?”

அவள் உரிந்த பேரிங்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “நானாவது விசேசம்னாத்தான் காலண்டரைப் பாக்கறேன். நீங்க தெனமும் காலையில எந்திரிச்சதும் ராகு காலம் எப்பன்னு பாக்கறீங்க. இந்த ஊருல அதை உங்களாட்டம் நம்பற ஆள் வேற ஆருமில்ல.”

பட்டறைக்குக் கிராங்கை நானே தூக்கிக்கொண்டு போனேன். முதுகு பிடித்துக்கொண்டது. அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

மத்தியானம் கயல் வந்தாள். ஸ்கூட்டியில், தனியாக, வெயிலில். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கிற பெண்ணை யார் இப்படி அனுப்புகிறார்கள்? நான் செட்டில் தரையில் உட்கார்ந்து போல்ட்டுகளை டீசலில் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் சுடிதாரோடு அப்படியே எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

“அழுக்காகுது அம்மிணி. சேர் எடுத்துப் போட்டுக்கோ.”

“ஆகட்டும் மாமா. கொசு மருந்து வண்டிக்கு என்னாச்சு?”

“உங்கப்பன் பேச்சைப் பேசாத.”

சிரித்தாள். பிறகு ஒரு போல்ட்டை எடுத்து அவளும் கழுவ ஆரம்பித்தாள். “மாமா, நீங்க அப்பா மேல கோவமா இருக்கறதா அத்தை சொன்னாங்க. அப்பா ஒண்ணும் பண்ணல. உங்களக் கேக்க வேண்டாம்னு சொன்னது நான்.”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“எனக்குச் சீர் வெச்சப்ப அப்பா உங்களக் கூப்பிட்டாரு. பொண்ணு வயசுக்கு வந்தத ஊரக் கூட்டிச் சொல்றது காட்டுமிராண்டித்தனம்னு போன்லயே சொல்லிப்போட்டு வெச்சுட்டீங்க.”

“சொன்னது சரிதான?”

“சரிதான் மாமா. எனக்கே அன்னிக்குப் புடிக்கல. ஆனா அம்மா ராத்திரியெல்லாம் அழுதுட்டிருந்தாங்க. கூடப் பொறந்தவன் வரலைன்னு. இன்னொரு தடவ நீங்க மாட்டேன்னு சொல்லி அவிய அழுகறதப் பாக்க என்னால ஆகாது. அதான், கேக்கவே வேண்டாம்னுட்டேன்.”

ரத்தினா அழுதாள் என்று இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் சொன்னதில்லை. டீசல் பாத்திரத்தில் போல்ட்டுகளைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

“சரி, இப்ப நானே கேக்கறேன்” என்றாள். “எனக்கு நீங்க பட்டங் கட்டறீங்களா மாமா?”

ஒரு மாதமாக நான் எதிர்பார்த்திருந்த கேள்வி. பதிலும் தயாராக வைத்திருந்தேன். பெண் என்பவள் ஒருவன் கையிலிருந்து இன்னொருவன் கைக்கு மாற்றிவிடும் பொருள் அல்ல, படித்துச் சம்பாதிக்கிற பெண் மணவறைக்குத் தானாகவே நடந்து போகலாம், சடங்குகளால் மனிதன் அடைந்த நன்மை எதுவுமில்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். தடுமாறவில்லை. மாட்டேன் என்று முடித்தேன்.

“சரிங்க மாமா” என்றாள். கோபப்படவில்லை. கையைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “வராமயாவது இருந்துராதீங்க.”

சம்பூர்ணம் அவளுக்குச் சோறு போட்டு அனுப்பினாள். எனக்குத் தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காராமல் உள்ளே போய்விட்டாள்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. சாப்பாடுதான் இறங்கவில்லை. வெயில் காரணம்.

செப்டம்பர் 2, திங்கள்

புது பேரிங் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு போல்ட்டையும் அளவு பார்த்து முறுக்கினேன். சம்பூர்ணம் டார்ச் பிடிக்கிறாள், பேசுவதில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

இரண்டாம் முறையாக எஞ்சினை வண்டிக்குள் இறக்கினோம். செயினை இழுத்துக்கொண்டே சம்பூர்ணம் வாயைத் திறந்தாள்.

“உங்களக் கேக்கலைன்னு ஒரு மாசம் குதிச்சீங்க. புள்ள வெயில்ல வந்து கேட்டா. மாட்டேன்னீங்க. இப்ப திருப்தியா?”

“கொள்கைன்னு ஒண்ணு இருக்குதல்ல?”

“இருக்கட்டுமுங்க. திருப்தியான்னுதான கேட்டேன்.”

எஞ்சின் மவுன்ட் போல்ட் ஓட்டைக்கு நேராக வரவில்லை. அதைச் சரிசெய்கிற வேலையில் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

காலையில் பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினேன். சிவப்பு விளக்கு அணைந்தது. இன்னும் கொஞ்சம் சுற்றினேன். பிறகு பிளக்குகளை மாட்டி, சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. புகை இல்லை, சத்தம் இல்லை. பானட் மேல் உள்ளங்கையை வைத்தால் ஒரு மெல்லிய அதிர்வு மட்டும்.

மணி பார்க்க மறந்துவிட்டேன். தேவராசு மதில் பக்கம் வரவில்லை. போய்க் கூப்பிடவும் தோன்றவில்லை.

செப்டம்பர் 7, சனி

புது பிஸ்டன் போட்ட எஞ்சினை ஆரம்பத்தில் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். ஊருக்குள் ஓட்டினால் சிக்னலில் நின்று நின்று சூடாகும். நெரிசல் இல்லாத நேரத்தில், ஒரே சீரான வேகத்தில், ஓரளவு நீண்ட தூரம் ஓட்டினால்தான் ரிங் சரியாகப் படியும். யோசித்துப் பார்த்தேன். விடியற்காலையில் கிளம்பி கோபிவரை போய்த் திரும்பினால் கச்சிதமாக இருக்கும்.

சம்பூர்ணத்திடம் சொன்னேன். “அப்படியா?” என்றாள். பட்டுச்சேலையை முன்பே எடுத்துக் கொடியில் போட்டிருந்தாள். என் வெள்ளை வேட்டியும் தேய்த்துத் தயாராக இருந்தது.

நகக்கண்ணில் இருக்கிற கருப்பு எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

இருட்டோடு கிளம்பினோம். நாற்பதுக்கு மேல் வேகம் ஏற்றவில்லை. கவுந்தப்பாடி தாண்டும்போது வெளுக்க ஆரம்பித்தது. கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். ரோடு சுத்தமாகத் தெரிந்தது. லாரி, பஸ், ஒரு டிராக்டர் எல்லாம் எங்களை முந்திப் போயின. எனக்கு வருத்தமில்லை.

மண்டப வாசலில் சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தார். வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்து, சைலன்சருக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். “என்னுங்க மச்சா, புகையவே காணோம், கொசுவெல்லாம் இனி என்ற தலையிலயா?” என்று சொல்லிக் கையைப் பிடித்தார். ரத்தினா ஓடிவந்தாள். அண்ணா என்றாள். சாப்பிட்டாயா என்று கேட்டேன். விடியற்காலை ஐந்தரை மணிக்கு.

மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்தேன். சடங்குகளை நடத்துகிற அருமைக்காரர் மேடையிலிருந்து குரல் கொடுத்தார்: “பொண்ணுக்குத் தாய்மாமன் வாங்கோ!” செல்லமுத்து முன் வரிசையிலிருந்து எழுந்தான். புதுத் துண்டு, நெற்றி நிறையத் திருநீறு. மேடைக்குப் போகாமல் திரும்பி நேராக என்னிடம் வந்தான்.

“அண்ணா, எனக்கு முட்டி வலி தாங்க முடியல. மேடைப் படி ஏற ஆகாது போலிருக்குது. நீங்க கொஞ்சம் வந்தீங்கன்னா...”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணமகள் அறை வாசலில் கயல் நின்றிருந்தாள். என் பக்கம் திரும்பவேயில்லை, தலையைக் குனிந்திருந்தாள். முட்டி வலிக்காரனோடு நடு மண்டபத்தில் விவாதம் செய்வது நாகரிகம் இல்லை. எழுந்து கயல் நின்ற இடத்துக்குப் போனேன்.

அருமைக்காரர் மேடையிலிருந்து இறங்கி என் நெற்றிக்குத் திருநீறு கொண்டுவந்தார். அது மட்டும் வேண்டாம் என்று தலையை இழுத்துக்கொண்டேன். அவர் சிரித்துக்கொண்டு தட்டைத் தள்ளி வைத்தார். பட்டத்தைக் கையில் கொடுத்தார்கள். கட்டினேன். கயல் அப்போதுதான் தலை நிமிர்ந்தாள். “கை டீசல் வாசம் அடிக்குது மாமா” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். கண்ணில் மை கரைந்திருந்தது.

நான் எழுதி வைக்கிறேன்: இதைச் சடங்கு என்று சொல்ல முடியாது. ஒருவனுக்கு முடியாதபோது இன்னொருவன் செய்து கொடுப்பது உதவி. செல்லமுத்துவுக்கு முட்டி நிஜமாகவே வலித்திருக்க வேண்டும். பிறகு பந்தியில் அவன் இலைக்கு இலை ஓடிச் சாம்பார் ஊற்றியதைப் பார்த்தேன். வலி வருவதும் போவதும் உண்டு.

பட்டம் கட்டியதும் கயலின் கையைப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினேன். படிகள் செங்குத்து. பட்டுச்சேலை தடுக்கும். அதனால்தான் பிடித்தேன். மணவறைக்குப் பக்கத்தில் போனதும் அருமைக்காரர் மெதுவாகச் சொன்னார்: “மாமா, விடுங்கோ. புள்ள உக்காரோணும்.”

கயல் ரொம்பப் பயந்துபோயிருக்கிறாள், அவள்தான் விடமாட்டேன் என்கிறாள் என்று நினைத்தேன். அவர் இரண்டாவது தடவையும் சொன்னார். குனிந்து பார்த்தேன். அவள் விரல்கள் விரிந்தே இருந்தன. இறுக்கிப் பிடித்திருந்தது நான்.